ஒரே டோக்கனில் இரண்டு பேர்

அத்தியாயம் ஒன்பது

“சாயங்காலம் நாலு மணிக்கு விசாரணை. இப்ப மணி பத்தரை. அதுக்குள்ள அந்த நர்ஸ்தான் பண்ணினாங்கன்னு நீங்க எழுதிக் கொடுத்துடணும்,” என்றாள் எங்களை அமர்த்தியவள்.

அவள் உட்காரவில்லை. மருத்துவமனை கேன்டீனில், காலி நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய அப்பா இறந்து பன்னிரண்டு நாள். அழுது முடித்த முகமா, இனிமேல்தான் அழப்போகிற முகமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

“அவங்க பண்ணலைன்னா?” என்று கேட்டார் அண்ணி.

“பண்ணலைன்னாவா? கம்ப்யூட்டரே அவங்க பேரைச் சொல்லுதே! உங்களை எதுக்குக் கூப்பிட்டேன், எதிர்க்கட்சில பேசவா?”

சுருக்கென்று எனக்குக் கோபம் வந்தது. வாயைத் திறக்கும் முன்பே மேஜைக்கு அடியில் அண்ணி என் காலை மிதித்தார்.

அண்ணி என்றால் என் சொந்த அண்ணனின் மனைவி. காப்பீட்டு நிறுவனத்தில் பதினோரு வருடம் பொய்ப் பித்தலாட்டங்களைத் தோண்டி எடுத்துவிட்டு, தனியாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவர். ‘வேற வேலை கிடைக்கிற வரைக்கும் கூட இரு’ என்று என்னைச் சேர்த்துக்கொண்டார். நாலு வருடமாகக் கூடவே இருக்கிறேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். அண்ணிக்கோ, ஈரத் துண்டைக் கட்டில் மேல் போடும் அண்ணனைப் பார்த்தால் மட்டும்தான் வரும்.

விஷயம் இதுதான். இந்த மருத்துவமனைக்கு இதய அறுவை நிபுணர் புதன்கிழமை மட்டும் வருவார். வாரத்துக்கு ஒரே ஒரு வால்வு அறுவை. பெயர் பதிந்த தேதிப்படி ஒரு பட்டியல். அந்தப் புதனுக்கு முதல் பெயர் இவளுடைய அப்பா, ஓய்வுபெற்ற லிஃப்ட் ஆபரேட்டர். அடுத்த பெயர் பக்கத்துக் கட்டிலில் இருந்த இளம்பெண், நாலு மாதக் கைக்குழந்தைக்குத் தாய். செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்தொன்பதுக்கு யாரோ அந்த இரண்டு பெயர்களையும் இடம் மாற்றிவிட்டார்கள். புதன்கிழமை இளம்பெண்ணுக்கு அறுவை நடந்தது, பிழைத்தாள். ஞாயிற்றுக்கிழமை இவளுடைய அப்பா இறந்துபோனார்.

மாற்றியது யார்? வார்டு நர்ஸின் பெயர்தான் பதிவில் இருந்தது. காரணம் கேட்கும் இடத்தில், அங்கே இருந்த ஏழு காரணங்களில் ‘நோயாளியின் விருப்பம்’ தேர்வாகியிருந்தது. நர்ஸும் அந்த இளம்பெண்ணும் ஒரே தெரு என்று யாரோ சொன்னதும் மகள் கொதித்துப் போனாள். புகார் கொடுத்தாள், நர்ஸை இடைநீக்கம் செய்தார்கள். இன்று நாலு மணிக்குக் குற்றம் உறுதியானால் நர்ஸின் உரிமம் ரத்து. இருபத்திரண்டு வருட வேலை அதோடு சரி.

“அந்த நேரத்துல மயக்கத்துல இருந்த ஒரு நோயாளிக்கு உடம்பு துடைச்சுக்கிட்டு இருந்தேன்னு சொல்றாங்க. சாட்சிக்கு மயக்கத்துல இருந்தவரையா கூப்பிட முடியும்? எவ்வளவு சாமர்த்தியம் பாருங்க!” என்றாள் மகள்.

“பார்க்கறோம்மா,” என்று எழுந்தார் அண்ணி.

*

மருத்துவமனையின் மென்பொருளை எழுதியவர் தரைத்தளத்தில், ஜன்னலே இல்லாத அறையில் இருந்தார். கழுத்தில் ஹெட்போன், மேஜையில் காய்ந்துபோன மூன்று டீ கப். அவருக்கு ஹெட்போன் என்றே மனசுக்குள் பெயர் வைத்துவிட்டேன்.

“இது முழுக்க ஜாவால எழுதினது மேடம். அவ்வளவு சுலபமா யாரும் உள்ள வர முடியாது. பாஸ்வேர்டு அவங்க ஒருத்தருக்குத்தான் தெரியும்,” என்றார்.

“பாஸ்வேர்டு காலைல ஒரு தடவைதானே கேக்குது? அதுக்கப்புறம் ஒவ்வொரு பக்கம் திறக்கும்போதும் இது அவங்கதான்னு சர்வருக்கு எப்படித் தெரியும்?”

“செஷன் மேடம்.”

“கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க. என் கொழுந்தனுக்கு எல்லாமே லேட்டாத்தான் ஏறும்.”

“ரொம்ப நன்றி அண்ணி,” என்றேன்.

ஹெட்போன் லேசாகச் சிரித்தார். “சர்வருக்கு ஞாபகமறதி சார். ஒவ்வொரு க்ளிக்குக்கும் யாரோ புது ஆள் வந்திருக்கார்னுதான் நினைக்கும். அதனால லாக்-இன் பண்ணின உடனே ஒரு டோக்கன் கொடுக்கும். நீளமா, முப்பத்திரண்டு எழுத்து. அதுக்கப்புறம் பிரவுசர் ஒவ்வொரு தடவையும் அந்த டோக்கனைக் காட்டும். ஓ, நர்ஸம்மாதான்னு சர்வர் கதவைத் திறந்துவிடும்.”

“முகத்தைப் பாக்காதா?” என்று கேட்டார் அண்ணி.

“டோக்கனை மட்டும்தான் பாக்கும்.”

“அப்ப எங்க அண்ணன் மாதிரி. கையில பை இருந்தா போதும், வந்தது நானா பால்காரரான்னு நிமிர்ந்து பார்க்கவே மாட்டார்,” என்றேன்.

அண்ணி என்னைக் கண்டுகொள்ளவில்லை. “அந்தச் செவ்வாய்க்கிழமை இவங்க டோக்கனைக் காட்டின மெஷின் எது எதுன்னு பாருங்க.”

“வார்டு கம்ப்யூட்டர்தான், வேற எது...” என்று தட்டிக்கொண்டிருந்தவரின் விரல்கள் நின்றுவிட்டன. திரையை இன்னொரு தடவை மேலே ஓட்டிப் பார்த்தார். “ரெண்டு மெஷின் மேடம். வார்டு கம்ப்யூட்டர், அப்புறம் ஒரு போன். ஆறேழு வருஷப் பழைய மாடல். ரெண்டும் ஒரே நேரத்துல, ஒரே டோக்கன்ல.”

“காலைல கொடுத்த டோக்கன் அவ்வளவு நேரம் உயிரோட இருக்குமா?”

“பதினஞ்சு நிமிஷம் யாரும் எதுவும் தொடலைன்னா செத்துடும். ஆனா...” தலையைச் சொறிந்தார். “வார்டுல கட்டில் நிலவரம் காட்டற பக்கம் நிமிஷத்துக்கு ஒரு தடவை தானாவே புதுப்பிச்சுக்கும். அதையும் ஆள் தொடறதாத்தான் சர்வர் எடுத்துக்குது. அப்ப சாகவே சாகாது.”

“ஒருத்தங்க பொழப்பே போகப் போகுது! ரெண்டு மெஷின்னு விசாரணைக் குழுகிட்ட ஏன்யா சொல்லல?” என்று நான் எகிறினேன்.

“பேரைத்தான் கேட்டாங்க சார். மெஷினைப் பத்தி யாரும் கேக்கல.”

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த அறையில் உதைக்க வசதியாக ஒன்றும் இல்லை.

“அந்தப் போன் என்னென்ன பண்ணுச்சு, வரிசையா படிங்க,” என்றார் அண்ணி.

அவர் படித்தார். பத்து முப்பத்தெட்டுக்கு உள்ளே வந்த போன் முதலில் லிஃப்ட் ஆபரேட்டரின் ரிப்போர்ட்டைத் திறந்தது. அப்புறம் அறுவைப் பட்டியல். அப்புறம் பக்கத்துக் கட்டில் பெண்ணின் ரிப்போர்ட். திரும்பவும் பட்டியல், திரும்பவும் அந்தப் பெண். இப்படியே ஒன்பது தடவை. பதினொன்று இரண்டுக்கு இடம் மாற்றும் பக்கம் வரை போய், ரத்து செய்து வெளியே வந்தது. பதினொன்று பத்துக்கு இன்னொரு தடவை போய் ரத்து. பதினொன்று பத்தொன்பதுக்கு உறுதி செய்தது. அதற்கப்புறம் அந்தப் போன் உள்ளே வரவே இல்லை.

“நாற்பத்தொரு நிமிஷம்,” என்று முணுமுணுத்தார் அண்ணி.

“இதுல யோசிக்க என்ன இருக்கு? இதனால யாருக்கு லாபம்? அந்தப் பொண்ணோட வீட்டுக்காரன்தான். நர்ஸ் அதே தெரு. எப்படியோ டோக்கனைச் சுட்டிருக்கான். வாங்க, அமுக்கிடலாம்,” என்றேன்.

*

அவன் பெயின்டர். மூன்றாவது மாடி வார்டுக்கு வெளியே, தோளில் குழந்தையைச் சாய்த்துத் தட்டிக்கொடுத்தபடி நடந்துகொண்டிருந்தான். நகக்கண்ணெல்லாம் வெள்ளைப் பெயின்ட். மனைவிக்கு நாளை மறுநாள் டிஸ்சார்ஜ்.

“உங்க போனைக் கொஞ்சம் காட்டுங்க,” என்று போலீஸ் குரலில் கேட்டேன்.

குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிவிட்டு, சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். பட்டன் போன். இன்டர்நெட்டை அது கனவில்கூடக் கண்டிருக்காது.

“வேற போன்?”

“இதுலயே எண்ணெய் பட்டு ரெண்டு பட்டன் வேலை செய்யல சார். இன்னொண்ணுக்கு எங்க போறது?”

மூக்குடைபட்டுக்கொண்டு நின்றேன். அண்ணி மெதுவாகக் கேட்டார். “பக்கத்துக் கட்டில் பெரியவரை உங்களுக்குத் தெரியுமா?”

அவன் முகம் வாடிப்போனது. “தெரியாம என்னம்மா? குழந்தையை வார்டுக்குள்ள விட மாட்டாங்க. கண்ணாடிக்கு வெளிய தூக்கிக்கிட்டு நிப்பேன். என் வீட்டுக்காரிக்கு எழுந்து உக்காரத் தெம்பிருக்காது. அவர்தான் கட்டில் கைப்பிடியைச் சுத்தி தலைமாட்டை உயர்த்திவிட்டு, குழந்தை தெரியற மாதிரி தலையணையைச் சரி பண்ணுவார். இந்தப் பய அவரைப் பாத்தா அப்படிச் சிரிப்பான்.” குரலைத் தாழ்த்திக்கொண்டான். “அவர் தவறிட்டார்னு அவகிட்ட இன்னும் சொல்லல. அதிர்ச்சி கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். வேற வார்டுக்கு மாத்திட்டாங்கன்னு சொல்லி வச்சிருக்கேன்.”

அண்ணி எனக்கு முன்னால் படியிறங்கினார். ‘குட்டு வாங்கினது போதுமா’ என்றாவது கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்காததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

*

நாலு மணி விசாரணைக்கு நர்ஸ் காலையிலேயே வந்துவிட்டிருந்தார். விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். சீருடை இல்லாமல் வந்ததில் கைகளை எங்கே வைப்பது என்றே தெரியாதவர் மாதிரி இருந்தார்.

“சிஸ்டர், நான் அந்தப் பெரியவரோட பொண்ணு அமர்த்தின ஆள்தான். ஆனா உண்மையைத்தான் தேடறேன்,” என்று அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தார். “செவ்வாய்க்கிழமை காலைல யாருக்காவது எதையாவது அனுப்பினீங்களா?”

நர்ஸ் தலை குனிந்தார்.

“அனுப்பியிருக்கீங்க.”

“தப்புன்னு தெரியும்மா. விதிப்படி கூடாது. அதையும் சொன்னா ரெண்டு தப்பாயிடும்னு பயந்துட்டேன்.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “அந்தப் பெரியவர் மூணு நாளா கெஞ்சினார். டாக்டர் வேகவேகமா சொல்லிட்டுப் போயிடறார், ஒண்ணும் புரியலம்மா, என் ரிப்போர்ட்டை நானே நிதானமா படிச்சுக்கறேன்னார். பாவமா இருந்தது. அவர் ரிப்போர்ட் பக்கத்தைத் திறந்து, மேல இருக்கற லிங்க்கை காப்பி பண்ணி, வார்டு மெசேஜ்ல அவர் போனுக்கு அனுப்பினேன். அவரோட ரிப்போர்ட் மட்டும்தான்மா, வேற எதுவும் அனுப்பல.”

அண்ணி போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு ஹெட்போனைக் கூப்பிட்டார். “வார்டு கம்ப்யூட்டர்ல ஒரு பக்கத்தோட லிங்க்கை காப்பி பண்ணினா, அதுல டோக்கன் இருக்குமா?”

ஹெட்போன் எதையோ தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு, “இருக்கும் மேடம்,” என்றார். “டோக்கனை பிரவுசர் தனக்குள்ள குக்கியில ஒளிச்சு வச்சுக்கணும். பழைய வார்டு மெஷின்ல அது சரியா வேலை செய்யல. நர்ஸுங்க நிமிஷத்துக்கு நிமிஷம் வெளிய விழுந்தாங்க, ஒரே புகார். அதனால லிங்க்கோட வால்லயே டோக்கன் ஒட்டிக்கட்டும்னு ஆறு வருஷத்துக்கு முன்னாடி நான்தான் விட்டேன். மெஷினை மாத்தினாங்க. நான் அதை மூட மறந்துட்டேன். ஒரு வரி மேடம். மூடறதுக்கு ஒரே ஒரு வரி போதும்.” அதோடு இணைப்பைத் துண்டித்துவிட்டார். அவரை உதைக்க நினைத்ததற்காக முதல் தடவையாக வருத்தப்பட்டேன்.

“அப்படின்னா நான் அவருக்கு அனுப்பினது?” நர்ஸ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ரிப்போர்ட்டை மட்டும் அனுப்பல சிஸ்டர். உங்களையே அனுப்பி வச்சிருக்கீங்க. அந்த லிங்க்கைத் தொட்டவங்க, அந்த சர்வரைப் பொறுத்தவரைக்கும் நீங்கதான்.”

நான் குறுக்கிட்டேன். “அப்ப பெரியவர் போனை எவனோ திருடி...”

“திருட வந்தவன் நாற்பத்தொரு நிமிஷம் யோசிப்பானாடா? ரெண்டு தடவை கடைசி பட்டன் வரைக்கும் போய்த் திரும்பி வருவானா?” அண்ணி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “அந்தக் காரணப் பட்டியல்ல ஏழு காரணம் இருக்கு. பொய் சொல்ல வந்தவன்னா ‘மருத்துவர் ஆலோசனை’யைத் தொட்டிருப்பான், ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டாங்க. இந்த ஆளுக்குப் பொய் சொல்ல வரல. எது உண்மையோ அதையே தொட்டிருக்கார்.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாக்கு நுனியில் எப்போதும் ஏதாவது ஒரு நக்கல் தயாராக இருக்கும். அன்றைக்கு ஒன்றுகூட இல்லை.

“ரெண்டு பேர் ரிப்போர்ட்லயும் என்ன இருந்தது சிஸ்டர்?”

நர்ஸ் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். “அவருக்கு, ஒரு மாசம் வரைக்கும் காத்திருக்கலாம்னு டாக்டர் எழுதியிருந்தார். அந்தப் பொண்ணுக்கு, இந்த வாரத்தைத் தாண்டினா ஆபத்துன்னு. ஆனா பட்டியல் தேதிப்படிதான் போகும். அதனாலதான் மாறியிருந்ததைப் பார்த்தப்ப டாக்டரே மாத்திட்டார்னு நினைச்சேன். நல்லதுதான்னுகூட நினைச்சேன்மா.”

*

மணி இரண்டரை. மகள் இன்னும் அதே கேன்டீனில்தான் இருந்தாள்.

“அப்பாவோட போன் யார்கிட்ட இருக்கு?” என்று கேட்டார் அண்ணி.

“என்கிட்டதான். பையில இருக்கு.” சட்டென்று பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “இங்க கொடுத்த கவர்லயே இருக்கு. இன்னும் திறக்கல. எதுக்கு?”

“திறக்கணும்மா.”

ஹெட்போன் சொன்ன அதே பழைய மாடல். என் சார்ஜரைப் போட்டு உயிர் கொடுத்தோம். பூட்டு ஏதும் இல்லை. எழுத்துகளை ஒவ்வொன்றும் கடலை அளவுக்குப் பெரிதாக வைத்திருந்தார். வார்டிலிருந்து வந்த மெசேஜ் இருந்தது, அதில் நீளமான லிங்க். தொட்டால் இப்போது பாஸ்வேர்டு கேட்டது, டோக்கன் என்றைக்கோ செத்துவிட்டது. ஆனால் பார்த்த பக்கங்களின் வரிசையை பிரவுசர் அப்படியே வைத்திருந்தது. பத்து முப்பத்தெட்டு முதல் பதினொன்று பத்தொன்பது வரை.

அண்ணி ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். எதையும் மறைக்கவில்லை, எதையும் மெழுகவும் இல்லை.

“பொய்!” மேஜையில் அறைந்தாள். “எங்கப்பாவுக்குப் போன்ல ஒரு போட்டோகூட எடுக்கத் தெரியாது. அவர் போய் அறுவைப் பட்டியலை மாத்தினாராம்! நீங்களும் அந்த நர்ஸ்கூடச் சேர்ந்துட்டீங்களா?”

அண்ணி போனை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் விரலால் மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தாள். நேரங்களைப் படித்தாள். திரும்பப் படித்தாள். பிறகு, காலையில் பிடித்துக்கொண்டு நின்ற அதே நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

“செவ்வாய்க்கிழமை காலைல நான் அங்கதான் இருந்தேன்,” என்றாள். “அவர் கால்மாட்டுல உக்காந்து ஆரஞ்சு உரிச்சுக்கிட்டு இருந்தேன். ரொம்ப நேரமா போனையே பார்த்துக்கிட்டு இருந்தார். ‘அப்படி என்னப்பா பாக்கறீங்க?’ன்னு கேட்டேன். ‘நியூஸ்மா’ன்னார்.”

அதற்குமேல் அவளால் முடியவில்லை. பன்னிரண்டு நாள் அழுகை ஒரேயடியாக வந்தது. கேன்டீனில் இரண்டு மேஜை திரும்பிப் பார்த்தது. நான் எழுந்து நடுவில் நின்று மறைத்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய முடியும்? என் கண்ணும் கலங்கித்தான் இருந்தது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

“அவர் சாகணும்னு நினைக்கலம்மா,” என்று அண்ணி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார். “ஒரு மாசம் தாங்கும்னு டாக்டர் எழுதியிருந்தார். ஒரே ஒரு வாரம்தானேன்னு விட்டுக் கொடுத்திருக்கார். அடுத்த புதன்கிழமை நமக்குன்னு நம்பித்தான் இருந்தார்.”

“ஆமா,” என்று தேம்பினாள். “டாக்டர் அடுத்த வாரம்னுட்டார், நீ ஆபீஸ் லீவை மாத்திப் போட்டுக்கோன்னு அப்பா சொன்னார்.”

*

நாலு மணிக்கு அவள்தான் எங்களுக்கு முன்னால் விசாரணை அறைக்குள் போனாள். புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள். போனைக் குழுவின் முன் வைத்தாள். ஹெட்போனும் வந்து தன் தவறைத் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டார். லிங்க் அனுப்பியதற்காக நர்ஸுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும், உரிமத்துக்கு ஆபத்தில்லை என்று குழுத்தலைவர் சொன்னார். மகள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். இந்த விஷயம் மூன்றாவது மாடிக்கு, அந்த இளம்பெண்ணின் காதுக்குப் போகக் கூடாது.

வழக்கு முடிந்தது. எங்களை அமர்த்தியவள் கேட்டதற்கு நேர் எதிரான முடிவு. ஜெயித்த மாதிரி யாருக்கும் தோன்றவில்லை.

வெளியே வராந்தாவில் நர்ஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மகளைப் பார்த்ததும் இரண்டு கையையும் கூப்பினார். “நான் அந்த லிங்க்கை மட்டும் அனுப்பாம இருந்திருந்தா, உங்கப்பா இன்னிக்கு இருந்திருப்பார்மா.”

அப்படியெல்லாம் இல்லை என்று மகள் சொல்வாள் என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள்.

“ஆமா சிஸ்டர். இருந்திருப்பார்,” என்றாள் அவள்.

நர்ஸின் கை கூப்பியபடியே நின்றது.

“அந்தப் பொண்ணு இருந்திருக்க மாட்டா. அதுவும் எனக்குத் தெரியுது.” மூச்சை இழுத்துக்கொண்டாள். “ஆனா அன்னிக்கு அவர் என்னைக் கேட்டிருந்தா, எனக்கு எங்கப்பாதான் வேணும்னு சொல்லியிருப்பேன். போனைப் பிடுங்கி வச்சிருப்பேன். இப்பக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன் சிஸ்டர். அது அவருக்குத் தெரியும். அதனாலதான் நியூஸ்னு சொல்லிட்டார்.”

நர்ஸ் அவளைக் கட்டிக்கொண்டார். அண்ணி என் சட்டையைப் பிடித்து இழுத்தார், நாங்கள் இருவரும் சத்தம் போடாமல் படியிறங்கினோம்.